பழைய லேப்டாப்பில் ஒரு ஃபீட் ரீடர்: பாம்பனில் செய்து பார்த்தது

பல தளங்களில் புதிதாக வருவதை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் மென்பொருள்தான் ஃபீட் ரீடர். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நான் ஏற்றிவைத்தது, மழைக்காலம் முழுக்க ஓடி முடித்துவிட்டது. நடுவில் கரண்ட் போனது, நெட் போனது, உப்புக்காற்றும் தன் வேலையைக் காட்டியது. அதையெல்லாம் தாண்டி, நான் வேண்டும் என்று சேர்த்துவைத்த அறிவிப்புகள் வந்து சேர்ந்தன. இதே கடற்கரையில் வேறு யாராவது இதைச் செய்ய நினைத்தால், எந்த வழியாகப் போனேன், எங்கிருந்து திரும்பி வந்தேன், என்ன செலவானது என்பதெல்லாம் உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

பாம்பனில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வீடு தங்கச்சிமடம். சித்தப்பாவுக்கு நாட்டுப்படகு. மழைக்காலம் வந்துவிட்டால் அவர் போனில் வாட்ஸ்அப் குரூப்புகள் நிரம்பி வழியும். புயல் வரைபடம், மீன்வளத் துறை அறிவிப்பு, ரயில் நேர மாற்றம் என்று எது வந்தாலும் போனை என்னிடம் நீட்டி ஒரே கேள்விதான் கேட்பார்: "இது எப்ப போட்டதுடா?"

பல சமயம் என்னால் பதில் சொல்ல முடியாது. ஃபார்வர்டு ஆகி வரும் படத்தில் தேதி வெட்டுப்பட்டிருக்கும், யார் வெளியிட்டது என்பதும் இருக்காது. 2020 டிசம்பரில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, நம் மாவட்டக் கரையை ஒட்டி வலுவிழந்தது. அந்தப் புயலின் வரைபடம் அதற்குப் பிந்தைய மழைக்காலத்திலும் புதுச் செய்தியாகச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அன்றைக்குக் குரூப்பில் வந்து விழுந்ததில் எது காலையில் வந்தது, எது போன வருஷத்தது என்று பிரிக்கவே முடியவில்லை. ஒரு செய்தி கடலுக்குப் போகிறவன் கைக்குத் தேதியோடும் மூலத்தோடும் வந்து சேர வேண்டும். எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். அதைச் செய்யும் பொருள் 20 வருஷத்துக்கும் மேலாக இணையத்தில் இருக்கிறது என்பதே இங்கே பலருக்குத் தெரியவில்லை.

விஷயம் எளிமையானது. ஒரு தளம் தன் புதிய பதிவுகளை, தலைப்பு, தேதி, இணைப்பு, சுருக்கம் என்று ஒரு கோப்பில் அடுக்கி வைக்கிறது. அந்தக் கோப்புதான் ஃபீட், தமிழில் செய்தியோடை. நம் ரீடர் அந்தக் கோப்பை அவ்வப்போது எடுத்துப் பார்த்து, புதிதாக வந்ததை மட்டும் காட்டும். தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டாம், நம்பர் கொடுக்க வேண்டாம், நடுவில் உட்கார்ந்து எதை முதலில் காட்டலாம் என்று முடிவு செய்ய யாரும் இல்லை. 2002-ல் வந்த ஆர்எஸ்எஸ் 2.0, 2005-ல் வந்த ஆட்டம், 2017-ல் வந்த ஜேசன் ஃபீட் என்று வடிவங்கள் உண்டு. முதல் இரண்டையும் எந்த ரீடரும் படிக்கும், மூன்றாவது அரிது. ஆகவே அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பாட்காஸ்ட்டும் இதே ஓடையில்தான் வருகிறது. தமிழ் வலைப்பதிவு படித்தவர்களுக்கு 2004-ல் வந்த தமிழ்மணம் திரட்டி நினைவிருக்கும். அதுவும் ஓடைகளைச் சேர்த்துக் காட்டிய ஏற்பாடுதான்.

ஓடைகளைத் தேடிப் பிடித்தது

ரீடரை முடிவு செய்வதற்கு முன்னால், எனக்கு வேண்டிய தளங்களுக்கு ஓடை இருக்கிறதா என்று பார்த்தேன். முதலில் செய்ய வேண்டியது இதுதான். வேண்டியதற்கு ஓடையே இல்லை என்றால் எந்த ரீடரை வைத்தும் பயனில்லை.

வேர்ட்பிரஸ்ஸில் ஓடும் தளமாக இருந்தால் முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் ஃபீட் என்று சேர்த்தால் போதும். பிளாகர் என்றால் ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபால்ட் என்ற மூன்று சொற்களையும் வரிசையாகச் சாய்கோடு போட்டுச் சேர்க்க வேண்டும். யூடியூப் சேனலுக்கும் ஓடை உண்டு. அதற்கு சேனலின் பெயர் போதாது, பக்கத்தின் மூலநிரலில் (பிரவுசரில் வியூ சோர்ஸ் கொடுத்தால் தெரிவது) இருக்கும் சேனல் ஐடி வேண்டும். அதில் கடைசி 15 வீடியோ மட்டும் இருக்கும். மற்ற தளங்களில் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து, ஆல்டர்நேட் என்ற சொல்லைத் தேடினால் ஓடையின் முகவரி அதே வரியில் கிடைக்கும். நல்ல ரீடராக இருந்தால் தளத்தின் முகவரியை மட்டும் கொடுத்தாலே இந்த வரியைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும்.

வானிலைக்கு முக்கியமாக எடுத்தது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சச்சேத் தளத்தின் எச்சரிக்கை ஓடை. அதோடு அமெரிக்கக் கடற்படையின் கூட்டுச் சூறாவளி எச்சரிக்கை மையம். வங்கக் கடலில் சுழற்சி உருவானால் அதன் ஓடையிலும் வரும். செய்திக்கு பிபிசி தமிழ், தி இந்துவின் தமிழ்நாடு பகுதி, உள்ளூர்ச் செய்தித் தளங்கள் சில. அப்புறம் எனக்குப் பிடித்த வலைப்பதிவுகள், மொபைல் ரிப்பேர் சேனல்கள். சில அரசுப் பக்கங்களில் ஓடையே இல்லை, பிடிஎஃப் இணைப்புகளை அட்டவணையாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு என்ன செய்தேன் என்று பின்னால் வருகிறேன்.

போனில் மட்டும் வைத்துப் பார்த்தபோது

முதலில் எடுத்தது ஃபீடர் என்ற ஆண்ட்ராய்டு செயலி. இலவசம், திறந்த மூலம், கணக்கு வேண்டாம், விளம்பரம் இல்லை. முகவரியை ஒட்டினால் ஓடையைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு ஆளுக்கு, நெட் எப்போதும் இருக்கிற ஊரில், இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

எங்களுக்கு இடித்தது வேறு இடத்தில். ஓடையில் கடைசிப் பதிவுகள் மட்டும்தான் நிற்கும். ரேஷன் கடைப் பலகையில் புதிது எழுதும்போது பழையதை அழிப்பது போலத்தான். வேர்ட்பிரஸ் தானாக வைக்கும் அளவு 10 பதிவு. ஒரு செய்தித் தளம் ஒரே நாளில் 40 செய்தி போட்டால், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் பார்த்தால்தான் எல்லாம் கிடைக்கும். சித்தப்பா தென்கடலுக்குப் போனால் கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே டவர் போய்விடும். திரும்பி வந்து நெட் கிடைக்கும்போது நடுவில் வந்து போனவை ஓடையிலிருந்தே உருண்டு போயிருக்கும். கரையில் இருக்கும்போதும் சிக்கல்தான். பேட்டரியை மிச்சப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டு போனே பின்னணி வேலையை நிறுத்திவிடும். செட்டிங்கில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்ட பிறகு கொஞ்சம் தேறியது. ஆனாலும் டவர் இல்லாத இடத்தில் எந்தச் செட்டிங்கும் உதவாது.

ரீடரைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் பார்ப்பது தோற்றத்தை, வசதிப் பட்டியலை. முதலில் கேட்க வேண்டியது, ஓடையைப் போய் எடுத்து வருவது யார் என்பதுதான். கையில் இருக்கும் போனா, எங்கேயோ நிற்காமல் ஓடும் ஒரு கணினியா? நெட் விட்டு விட்டு வரும் ஊரில் இரண்டாவதுதான் சரிப்படும்.

அடுத்தது, அப்படி நிற்காமல் ஓடும் கணினியை வாடகைக்குத் தருகிற சேவைகள். ஃபீட்லியிலும் இனோரீடரிலும் இலவசக் கணக்குத் தொடங்கினேன். அப்போது ஃபீட்லியில் 100 ஓடை வரை, இனோரீடரில் 150 வரை இலவசம். இரண்டும் நன்றாகவே வேலை செய்தன, பதிவு எதுவும் உருண்டு போகவில்லை. ஆனால் குறைவான ஆட்கள் படிக்கும் ஓடையை இத்தகைய சேவைகள் அடிக்கடி போய்ப் பார்ப்பதில்லை. உள்ளூர்த் தளம் ஒன்றில் காலையில் வந்தது மதியம்தான் எனக்குத் தெரிந்தது. வலைப்பதிவுக்கு அது போதும், கடல் அறிவிப்புக்குப் போதாது. இன்னொன்று, 2013 ஜூலை 1-ல் கூகுள் ரீடரை மூடியபோது அதையே நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு. இலவசச் சேவையில் சேருகிறவர்கள், ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் (எல்லா ரீடருக்கும் பொதுவான பட்டியல் வடிவம்) கோப்பாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து, ஒரு பிரதி எடுத்து வைத்துவிட வேண்டும். அந்தக் கோப்பு கையில் இருந்தால் எந்த ரீடருக்கும் இரண்டு நிமிடத்தில் குடிபோகலாம். நானும் அப்படித்தான் போனேன்.

லேப்டாப்பைத் தயார் செய்தது

கடையில் திரை உடைந்த லேப்டாப் ஒன்று கிடந்தது. 4 ஜிபி ரேம், பழைய டூயல் கோர். ஹார்டு டிஸ்க் சத்தம் போட்டதால் கழற்றிவிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன், 1,050 ரூபாய். வெளி மானிட்டரை மாட்டி டெபியன் லினக்ஸ் ஏற்றினேன், வரைகலைத் திரை எதுவும் இல்லாமல். மூடியை மூடினால் லேப்டாப் தூங்கப் போய்விடும். அதைத் தடுக்க, லினக்ஸில் மூடி, பவர் பட்டன் இவற்றைக் கவனிக்கும் லாகின்ட் செட்டிங்கில் ஒரு வரி மாற்ற வேண்டும். அதை மாற்றாமல் மூடி அலமாரியில் வைத்தால், எல்லாம் சரியாக இருந்தும் ஓடைகள் ஏன் நிற்கின்றன என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வாட் மீட்டர் ஒன்று 650 ரூபாய்க்கு வாங்கினேன். சும்மா இருக்கும்போது 11 வாட், ஓடைகளை எடுக்கும் சில விநாடிகளில் 17 வாட். இரண்டு மாத பில்லுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 16 யூனிட். இது எங்கள் வீட்டுக்குத் தாங்கும். பழைய பேட்டரி முக்கால் மணி நேரம் நிற்கிறது, அதனால் சின்னக் கரண்ட் கட்டுக்கு லேப்டாப் அசைவதில்லை. ஆனால் ரவுட்டர் அணைந்துவிட்டால் லேப்டாப் மட்டும் விழித்திருந்து என்ன செய்ய? 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று 1,350 ரூபாய்க்கு வாங்கி ரவுட்டருக்கு மாட்டினேன். மொத்தச் செலவில் இதுதான் பெரியது, இதுதான் அதிகம் பயன்பட்டதும்.

ரீடராக ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் எடுத்தேன். மினிஃப்ளக்ஸையும் பார்த்தேன். அது இன்னும் சிக்கனமானது, வேகமானது, ஆனால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இல்லாமல் ஓடாது. ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் எஸ்கியூலைட் என்ற ஒற்றைக் கோப்பு டேட்டாபேஸிலேயே ஓடிவிடும், தனி டேட்டாபேஸ் சர்வர் வேண்டாம், பேக்கப் எடுக்க ஒரு ஃபோல்டரைக் காப்பி செய்தால் முடிந்தது. பிஎச்பி, ஒரு வெப் சர்வர், அவ்வளவுதான் தேவை. அது தரும் ஃபோல்டர்களில் பி (p) என்ற ஒன்றை மட்டும்தான் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும், மற்றவை உள்ளேயே இருக்க வேண்டும். ஏற்றும் வேலை ஒரு மாலையில் முடிந்தது. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை.

ஓடைகளை எடுக்கும் வேலையை, குறித்த நேரத்தில் தானாக வேலையை ஓட்டும் கிரானில் போட்டேன். மணிக்கு மூன்று தடவை, 7, 27, 47-வது நிமிடத்தில். உலகமே சரியாகப் பூஜ்ஜியத்திலும் அரையிலும் போய்த் தட்டும்போது நாமும் சேர்ந்து தட்ட வேண்டாம். எச்சரிக்கை ஓடைகளுக்கு 20 நிமிடம், செய்திக்கு ஒரு மணி நேரம், வலைப்பதிவுகளுக்கு ஆறு மணி நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக இடைவெளி வைத்தேன். இப்படி அடிக்கடி எடுத்தால் டேட்டா தின்னுமே என்று பயம் இருந்தது. ஒழுங்கான தளமாக இருந்தால் போன தடவைக்கு அப்புறம் மாற்றம் இல்லை என்று ஒரு வரிப் பதிலோடு முடித்துக்கொள்கிறது, முழுக் கோப்பையும் திரும்ப அனுப்புவதில்லை. 70 ஓடைக்கு நாளொன்றுக்கு 60 எம்பியைத் தாண்டவில்லை.

நேரம் முன்னால் ஓடியது

ஓடத் தொடங்கியதும் கண்ணில் பட்டது நேரக் குழப்பம். சர்வர் உலகப் பொது நேரத்தில் இருந்தது, அதை இந்திய நேரத்துக்கு மாற்றியதும் பாதி சரியானது. மீதிப் பாதி தளங்களின் கோளாறு. உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்று காலை 10 மணிக்குப் போடும் செய்தியில் 10 என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் கிரீன்விச் நேரம் என்று முத்திரை குத்திவிடுகிறது. ரீடர் அதை நம்பி ஐந்தரை மணி நேரம் கூட்டி, மாலை மூன்றரை மணிச் செய்தியாகக் காட்டும். தேதி வரிசையில் அடுக்கும் போன் செயலியில் அந்தத் தளத்தின் செய்தி எப்போதும் தலையில் உட்கார்ந்திருந்தது இதனால்தான். ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் தனக்கு வந்து சேர்ந்த வரிசையில் அடுக்குவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. தேதிக்காகவே இந்த வேலையில் இறங்கியவன் என்பதால், ஒவ்வொரு ஓடையிலும் ஒரு பதிவை எடுத்து அசல் பக்கத்து நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சூறாவளி மையத்தின் குறிப்பில் 0600 என்று இருந்தால் நமக்கு 11.30 என்பதைச் சித்தப்பாவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அவரே கூட்டிக்கொள்கிறார்.

பாதி எழுத்தில் வெட்டிய ஓடை

அதிக நேரம் பிடித்தது இதுதான். இன்னொரு உள்ளூர்த் தளத்தின் ஓடை சில நாள் சரியாக வரும், சில நாள் முழுக்கப் படுத்துவிடும். பிழைக்குறி மட்டும் நிற்கும். மறுநாள் நான் எதையும் தொடாமலே சரியாகிவிடும். இப்படி வந்து வந்து போகிற கோளாறுதான் சர்வீஸ் கடைக்காரனுக்கு மிகப் பெரிய தலைவலி. சரி, அடுத்த தடவை படுக்கும்போது கோப்பை அப்படியே இறக்கிப் பத்திரப்படுத்துவோம் என்று காத்திருந்தேன்.

கிடைத்தது. ஓடைக் கோப்பில் பிழை பார்க்கும் எக்ஸ்எம்எல்லிண்ட் கருவியில் கொடுத்ததும் ஒரு வரி எண்ணைச் சொல்லி, இங்கே எழுத்துக்குறி செல்லாது என்றது. அந்த வரி ஒரு செய்தியின் சுருக்கம். கடைசியில் எச்சரிக்கை என்ற சொல் பாதியில் வெட்டுப்பட்டு, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி நின்றது. பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தேன். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். எச்சரிக்கை என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. உள்ளே புள்ளியும் விசிறியும் இணைக்கொம்பும் தனித்தனிக் குறி என்பதால் 10 குறி, 30 பைட். வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு குறியின் முதல் இரண்டு பைட் மட்டும் இருந்தது. மூன்றாவது வர வேண்டிய இடத்தில் அடுத்த டேக்கின் கோண அடைப்பு வந்து உட்கார்ந்திருந்தது.

அந்தத் தளம் சுருக்கத்தை எழுத்துக் கணக்கில் வெட்டாமல் பைட் கணக்கில் வெட்டுகிறது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து ஒரு பைட், எங்கே வெட்டினாலும் முழு எழுத்தில்தான் முடியும். தமிழில் குறிக்கு 3 பைட், இடைவெளிக்கு 1 பைட். ஆக, வாக்கியத்தில் எத்தனை இடைவெளி இருக்கிறது என்பதைப் பொறுத்து வெட்டு சில நாள் குறியின் முடிவில் விழும், சில நாள் நடுவில் விழும். நடுவில் விழுந்த சுருக்கம் ஓடையில் இருக்கும்வரை முழு ஓடையும் படுத்திருக்கும். அது உருண்டு போனதும் தானாக எழுந்துகொள்ளும். வந்து வந்து போனதற்குக் காரணம் இதுதான்.

தளத்தாருக்கு விவரமாக எழுதினேன், பதில் வரவில்லை. சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதிவிட்டேன். கர்ல் அந்த ஓடையை இறக்கும், ஐகான்வ் முழுமையில்லாத பைட்டுகளைத் தூக்கி எறியும், சுத்தமான கோப்பு லேப்டாப்பிலேயே ஒரு ஃபோல்டரில் விழும். ரீடருக்கு அசல் முகவரிக்குப் பதிலாக இந்த உள்முகவரியைக் கொடுத்தேன். அதற்கப்புறம் அந்த ஓடை படுத்ததில்லை. தமிழ்த் தளம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் சுருக்கம் எங்கே வெட்டுப்படுகிறது என்று ஒருமுறை பாருங்கள். உங்கள் ஓடை பலருக்கு வராமலே போய்க்கொண்டிருக்கலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு சங்கதி வடிகட்டியில் வந்தது. சச்சேத் ஓடை நாடு முழுவதற்குமானது. அசாம் வெள்ளமும் ராஜஸ்தான் வெப்ப அலையும் அதில் வரும். நம் மாவட்டத்தை மட்டும் பிரிக்க ஊர்ப்பெயர்களை வைத்துத் தேடல் ஒன்று எழுதிச் சேமித்தேன். ராமநாதபுரம் என்று கொடுத்தால் இராமநாதபுரமும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ராமேஸ்வரம், ராமேசுவரம் இரண்டுக்கும் ராமே போதும். ஆங்கிலப் பெயர்களைத் தனியாகச் சேர்த்தேன். பாம்பன், மண்டபம், தேவிபட்டினம் எல்லாம் ஒழுங்காகச் சிக்கின. தொண்டி மட்டும் சில செய்திகளில் சிக்கவில்லை. கண்ணெதிரே தலைப்பில் தொண்டி என்று இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது.

அதையும் பிரித்துப் பார்த்தேன். தொ என்பதில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான், கணினிக்கு மட்டும் வேறு வேறு. தனுஷ்கோடியில் இருக்கும் கோவுக்கும் இதே கதி. அதே சுத்தம் செய்யும் ஸ்கிரிப்டில் எழுத்துகளை எல்லாம் என்எஃப்சி என்ற, குறிகளைச் சேர்த்தே எழுதும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரியைப் பைத்தானில் சேர்த்து, எச்சரிக்கை ஓடையையும் அதன் வழியாக விட்டேன். தொண்டி கிடைத்துவிட்டது. ஒ, ஓ வருகிற ஊர்ப்பெயரை வைத்து வடிகட்டி எழுதுகிறவர்கள் இதைச் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது.

ஓடை இல்லாத அரசுப் பக்கங்களுக்கு ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸிலேயே எக்ஸ்பாத் என்ற வழி இருக்கிறது. அட்டவணையின் எந்த வரிசை ஒரு பதிவு, அதில் எது தலைப்பு, எது இணைப்பு என்று காட்டிவிட்டால் அதுவே ஓடையாக மாற்றிக்கொள்ளும். பக்கத்தில் தேதி இல்லை என்றால் நாம் எடுத்த நேரமே தேதியாக விழும். அதனால் அந்த ஓடைகளின் பெயருக்கு முன்னால் தேதி நம்முடையது என்று எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தின் அமைப்பை மாற்றினால் இது உடையும். ஒன்று உடைந்தது, திரும்ப எழுதினேன்.

கைக்கு வந்து சேர்வது

போனில் படிக்க ஃபீட்மி என்ற செயலியைப் போட்டேன். ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸில் முதலில் ஏபிஐ (வேறு செயலி வந்து இணையும் வழி) அனுமதியைத் திறந்து, அப்புறம் சுயவிவரப் பக்கத்தில் அதற்கென்று தனிக் கடவுச்சொல் வைக்க வேண்டும். உள்நுழையும் கடவுச்சொல்லைக் கொடுத்தால் ஏற்காது. ஐபோன்காரர்கள் நெட்நியூஸ்வயரை இதே மாதிரி இணைக்கலாம். வீட்டு இணைப்புக்கு வெளியிலிருந்து நேராக எட்டும் முகவரி கிடையாது, அதனால் கடையிலிருந்து பார்க்க, நம் கருவிகளுக்குள் தனிப்பாதை போட்டுத் தரும் டெயில்ஸ்கேல் போட்டிருக்கிறேன். சித்தப்பா போனில் அதுகூட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வீட்டு வைஃபையில் இருக்கும்போது எல்லாம் போனுக்குள் இறங்கிவிடும், டவர் இல்லாத இடத்திலும் திறந்து படிக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கி, கடல், ஊர், மற்றவை என்று மூன்று பிரிவு மட்டும் வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தலைப்பின் கீழும் எங்கிருந்து வந்தது, எத்தனை மணிக்கு என்று நிற்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதை மட்டும் நம்பிக் கடலுக்குப் போகச் சொல்லி யாருக்கும் கொடுக்கவில்லை. 20 நிமிடம் என்பது இதன் பிறவித் தாமதம். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு, கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் டோக்கன், கடல் ஓசை 90.4 வானொலி, இவையெல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. குரூப்பில் வருவதை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. இப்போது வரைபடம் ஏதாவது ஃபார்வர்டில் வந்தால் சித்தப்பா முதலில் கடல் பிரிவைத் திறந்து பார்க்கிறார். அங்கே இல்லை என்றால் அதை மேலே அனுப்புவதில்லை.

மழைக்கால நடுவில் ஒரு நாள் எல்லா ஓடையிலும் ஒரே நேரத்தில் பிழைக்குறி விழுந்தது. ஒரு ஓடை மட்டும் படுத்தால் கோளாறு அவர்கள் பக்கம், எல்லாம் சேர்ந்து படுத்தால் நம் பக்கம். லேன் கேபிளைக் கழற்றிப் பார்த்தால், பிளக்கின் எட்டுப் பின்னில் இரண்டில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. லேப்டாப்பை வைத்திருந்த அலமாரி தெற்கு ஜன்னலுக்கு நேரே, உப்புக்காற்று நேராக அடிக்கும் இடம். 100 எம்பி வேகத்துக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு பின்தான் வேலை செய்கிறது. அதில் ஒன்று கெட்டாலும் இணைப்பு விட்டு விட்டுத்தான் வரும். ஜாக்கை ஐபிஏவும் (துடைக்கும் ஆல்கஹால்) மெல்லிய பிரஷ்ஷும் வைத்துத் துடைத்தேன், கேபிளின் நுனியை வெட்டிப் புது பிளக் கிரிம்ப் செய்தேன். அலமாரியை உள்ளறைக்கு மாற்றி, சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளைப் பக்கத்தில் போட்டேன். அடுத்த தடவை தங்க முலாம் கனமாக இருக்கும் பிளக்கைத்தான் வாங்குவேன், விலை வித்தியாசம் சில ரூபாய்தான்.

செலவு இவ்வளவு: எஸ்எஸ்டி 1,050, மினி யுபிஎஸ் 1,350, வாட் மீட்டர் 650, லேன் கேபிள் 150, சிலிக்கா ஜெல் 60. கூட்டினால் 3,260 ரூபாய். வாட் மீட்டர் கடை வேலைக்கும் ஆகும். லேப்டாப் கடையில் கிடந்தது என்பதால் கணக்கில் இல்லை. மென்பொருள் எல்லாமே இலவசம். வாரம் ஒருமுறை ஓபிஎம்எல் கோப்பும் டேட்டா ஃபோல்டரும் பென் டிரைவுக்குப் போகின்றன.

எனக்குத் திருப்தி இல்லாதது பேட்டரி. எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் பழைய பேட்டரி உப்பிப்போகும். கடைக்கு வரும் போன்களில் அதை வாரா வாரம் பார்க்கிறேன். மூடி வைத்த லேப்டாப்பில் உள்ளே உப்புவது வெளியே தெரியாது. இப்போதைக்கு மாதம் ஒருமுறை கழற்றிப் பார்த்துக்கொள்கிறேன். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும், கடையிலும் கூட்டம் குறையும். அந்தச் சமயத்தில் இதையே ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினிக்கு மாற்றலாம் என்று இருக்கிறேன். அது 3 வாட் அளவில் ஓடிவிடும், இரண்டு மாதத்துக்கு நான்கைந்து யூனிட்தான், மினி யுபிஎஸ் ஒன்றே ரவுட்டரையும் அதையும் தாங்குமா என்று அளந்து பார்க்க வேண்டும். எஸ்டி கார்டில் டேட்டாபேஸை வைக்க மாட்டேன். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே இருக்கும் வேலையை கார்டு ரொம்ப நாள் தாங்காது. இந்த எஸ்எஸ்டியையே யூஎஸ்பி கேஸில் போட்டு அதிலிருந்தே பூட் செய்யப் போகிறேன்.